ஜாடியில் போட்ட காசு: படக்கதை வழியே சேமிப்பும் செலவும்

கணிதப் பாடத்தில் 'பணம்' வந்ததும் 5, 10, 20, 50 காசுகளைக் காட்டி எண்ண வைக்கிறோம். பிள்ளைகளும் சரியாகக் கூட்டிச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் ஓய்வு நேரத்தில் கேண்டீனில் நிற்கும்போது, கையில் உள்ள இரண்டு வெள்ளியில் எதை வாங்குவது, எவ்வளவு மிச்சம் வைப்பது என்று கேட்டால் விழிக்கிறார்கள். இதற்குக் கணக்கைவிடக் கதை நன்றாக உதவுகிறது.

நான் எடுத்துக்கொள்வது வேரா வில்லியம்ஸ் எழுதி வரைந்து 1982இல் வெளிவந்த 'எ சேர் ஃபார் மை மதர்'. ஆங்கில நூல்தான், படத்தைக் காட்டி, கதையைத் தமிழில் சொல்கிறேன். தீ விபத்தில் ஒரு வீட்டுச் சாமான்கள் எல்லாம் போய்விடுகின்றன. சாப்பாட்டுக் கடையில் வேலை செய்யும் அம்மா, கிடைக்கும் சில்லறையைப் பெரிய கண்ணாடி ஜாடியில் போடுகிறார். தக்காளியோ வாழைப்பழமோ மலிவாகக் கிடைத்தால் பாட்டி மிச்சக் காசைப் போடுகிறார். மகள் தன் சின்னச் சம்பாத்தியத்தில் பாதியைப் போடுகிறாள். ஜாடி நிறைந்ததும் அம்மா களைப்பாற உட்கார ஒரு நல்ல நாற்காலி. புத்தி சொல்லும் வரி ஒன்றுகூடக் கிடையாது.

பாட்டி வரும் பக்கத்தில் நிறுத்திக் கேட்பேன்: "இன்னிக்குத் தக்காளி வெல அதிகம்னா பாட்டி என்ன செய்வாங்க?" "ஒன்னும் போட மாட்டாங்க டீச்சர், மொதல்ல சமைக்கணும்ல!" என்றான் ஒருவன்.

அவனுக்குத் தெரிந்தது எனக்கு முன்பு தெரியவில்லை. முதல் முறை கதை முடிந்ததும், "எல்லாரும் உண்டியல் கொண்டு வாங்க, தினமும் 20 காசு போடணும்" என்றேன். ஜாசின் பக்கத் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி மூன்று நாள் வெறும் மைலோ டின்னோடு வந்தாள். மழையால் வீட்டில் பால்வெட்டு வேலை இல்லை. நான்காம் நாள் அவள் பள்ளிக்கே வரவில்லை.

இப்போது வகுப்புக்கு ஒரே ஜாடி. வீட்டுக் காசு வேண்டாம். பழைய பேப்பர், டின் விற்ற காசு மட்டும். கேரம் பலகை வாங்குவது என்று பிள்ளைகளே முடிவெடுத்தார்கள். பாதி நிறைந்தபோது, "ஐஸ்கிரீம் வாங்கலாமே டீச்சர்" என்று ஒரு கூட்டம். கை தூக்கச் சொன்னேன், ஐஸ்கிரீம் ஜெயித்தது. வாங்கிக் கொடுத்தேன். தடுத்திருந்தால் அது என் ஜாடியாகியிருக்கும். மறுநாள் ஜாடியில் இறங்கியிருந்த அளவைப் பார்த்து அவர்களே ஒரு கோடு போட்டார்கள். கேரம் பலகை ஆறு வாரம் தாமதமாக வந்தது.

அச்சு நூல் கிடைக்காதவர்கள் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தேடலாம். சந்தை, கடை வரும் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகப் பதிவிறக்கி அச்சிடலாம். அவற்றில் ரூபாய் என்று வந்தால் மாற்றாதீர்கள். "ரூபாய்னா நம்ம வெள்ளியில எவ்வளவு டீச்சர்?" என்று கேட்கத்தான் செய்வார்கள்.