'பார்த்துக்கொள்கிறேன்' என்றால் பழுது தீர்ந்துவிடுமா?

மாணவர்களே, அறிவியல் கூடத்தில் குழாய் ஒழுகுகிறது. "நான் ஆசிரியரிடம் சொல்கிறேன்" என்று ஒருவர் முன்வருகிறார். மற்றவர்கள் கவலையின்றிக் கலைந்துவிடுகிறார்கள். அவர் மறந்துவிட்டால்? நீர் ஒழுகிக்கொண்டேதான் இருக்கும்.

கணினி வலையமைப்பிலும் இப்படி நேரலாம். நாகியோஸ், ஸாபிக்ஸ் போன்ற கண்காணிப்பு மென்பொருள்கள் ரவுட்டர், சர்வர் ஆகியவற்றை அடிக்கடி சோதிக்கின்றன. பதில் வராவிட்டால் பொறியாளருக்கு எச்சரிக்கை அனுப்புகின்றன. அவர் அதற்கு 'ஒப்புகை' அளித்தால், "இதை நான் கவனிக்கிறேன்" என்று பொருள். நாகியோஸில் அதே எச்சரிக்கை மீண்டும் மீண்டும் வருவது நின்றுவிடும். பழுதோ அப்படியே இருக்கும்!

இன்று செயற்கை நுண்ணறிவு முகவரும் ஒப்புகை அளிக்கலாம். முகவர் என்பது உரையாடுவதோடு நில்லாமல், நாம் கொடுக்கும் கருவிகளைக்கொண்டு வேலையும் செய்யும் மென்பொருள். 2024 நவம்பரில் அறிமுகமான எம்.சி.பி. என்னும் பொது நெறிமுறை, அத்தகைய கருவிகளை முகவருடன் இணைக்கிறது. ஸாபிக்ஸின் ஒப்புகைக் கட்டளையையும் அப்படி ஒரு கருவியாக்கலாம்.

இதனால் என்ன பயன்? நள்ளிரவில் ஒரு ரவுட்டர் செயலிழந்தால், அதன்வழி இணைந்த எல்லாக் கணினிகளுக்கும் எச்சரிக்கைகள் குவியும். முகவர் அவற்றைத் தொகுத்து மூலகாரணத்தைச் சுட்டிக்காட்டலாம். ஆனால், அது தவறாகக் கணித்து ஒப்புகை அளித்துவிட்டால், எச்சரிக்கை அடங்கிவிடும்; பழுதுபார்க்க யாரும் போகமாட்டார்கள்.

ஆகவே, முகவர் அளிக்கும் ஒவ்வோர் ஒப்புகையிலும் காரணமும், பொறுப்பேற்கும் மனிதரின் பெயரும் இருக்க வேண்டும். பெரிய பழுதென்றால், முதலில் மனிதரின் அனுமதியைப் பெற வேண்டும்.

அடுத்த முறை "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லும்போது, அந்தக் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள்!