40 எம்பிபிஎஸ் பிளானில் 5 எம்பிதான் வருதா? அவசரப்பட்டு பிளான் மாத்தாதீங்க!

"ஏம்மா, நீ பத்திரிகைலதானே இருக்க? இதைக் கொஞ்சம் எழுது. மாசாமாசம் 40-க்குப் பணம் கட்டறேன். வர்றது வெறும் 5!"

உத்திரமேரூர் பேருந்து நிலையம் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரின் புலம்பல் இது. கம்ப்யூட்டர் திரையில் ஒரு ஃபைல் 'நொடிக்கு 5 எம்பி' வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. கல்லூரி விண்ணப்பத்துக்குச் சான்றிதழ் ஏற்ற வந்த பெண் பக்கத்தில் காத்திருந்தார். "அடுத்த மாசம் 100 பிளானுக்கு மாறிடலாம்னு இருக்கேன்" என்றார் அண்ணன்.

கேட்டதும் எனக்கும் அவர் சொல்வது நியாயமாகத்தான் பட்டது. கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான், அவரை யாரும் ஏமாற்றவில்லை என்று புரிந்தது.

ஆழாக்கும் படியும்

நெல் விளையும் ஊரில் இதை விளக்குவது சுலபம். 8 ஆழாக்கு சேர்ந்தால் 1 படி. அதேபோல 8 பிட் சேர்ந்தால் 1 பைட்.

நெட் கம்பெனிகள் வேகத்தை பிட் கணக்கில், அதாவது ஆழாக்கில் சொல்கின்றன. நம் போனும் கம்ப்யூட்டரும் ஃபைலை பைட் கணக்கில், அதாவது படியில் காட்டுகின்றன. ஆங்கிலத்தில் எழுதும்போது சிறிய 'பி' போட்டால் பிட், பெரிய 'பி' போட்டால் பைட். இரண்டையும் நாம் 'எம்பி' என்றே சொல்வதால்தான் குழப்பம்.

பிளானில் உள்ள எண்ணை 8-ஆல் வகுத்தால் போதும். 40 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 5 மெகாபைட். 100 என்றால் 12.5. ஒரு 200 எம்பி வீடியோ, 40 பிளானில் முழு வேகம் கிடைத்தால் 40 நொடியில் இறங்கிவிடும். வழியில் போகும் கூடுதல் தகவல்களுக்கும் கொஞ்சம் இடம் வேண்டும் என்பதால், 5-க்குப் பதில் 4.5 வந்தாலும் குறையில்லை.

டெலிபோன்காரர்களின் அளவு

எல்லாவற்றையும் பிட் கணக்கில் சொல்லும் வழக்கம் டெலிபோன் துறையில் பழசு. நாம் பேசும் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டாக எழுதுவார்கள். 8,000 x 8 = 64,000. அதனால் ஒரு டெலிபோன் பேச்சுக்கு 64 கேபிபிஎஸ்.

இப்படி 32 தடங்களை ஒன்றாகக் கட்டியதுதான் 'இ1'. மொத்தம் 2.048 எம்பிபிஎஸ். அதில் 30 தடங்கள் பேச்சுக்கு. மீதி இரண்டில் ஒன்று நேரத்தை ஒழுங்குபடுத்த, இன்னொன்று 'மணி அடி, லைனைக் கொடு' போன்ற சைகைகளுக்கு. சோழர் காலக் கல்வெட்டுப்படி உத்திரமேரூர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்புக்கு ஒரு போன் கொடுத்து, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரே ஒரு இ1 போதும்!

அமெரிக்காவில் இதற்கு இணையான 'டி1' 24 தடங்கள் கொண்டது, 1.544 எம்பிபிஎஸ். நம் நாட்டில் புழங்குவது இ1. அப்படி 63 இ1-களைச் சுமப்பது 155.52 எம்பிபிஎஸ் வேகமுள்ள 'எஸ்டிஎம்-1'. அலுவலகங்களின் லீஸ்டு லைன் கட்டணப் பட்டியலில் இந்தப் பெயர்களைப் பார்த்தால் இனி மிரள வேண்டாம்.

அண்ணனின் 40 எம்பிபிஎஸ் ஏறக்குறைய 20 இ1. 64 கேபிபிஎஸ் கணக்கில் 625 டெலிபோன் பேச்சுகள். ஒரு காலத்தில் ஒரு சின்ன எக்ஸ்சேஞ்சுக்கே தாராளமாக இருந்திருக்கும்!

பிராட்பேண்ட் என்று சொல்லத் தேவையான குறைந்தபட்ச வேகத்தை 2023-ல் 512 கேபிபிஎஸ்-ல் இருந்து 2 எம்பிபிஎஸ் ஆக உயர்த்தினார்கள். 30 பேர் பேசப் போதுமான ஓர் இ1 அளவுதான், இன்று ஒரு வீட்டுக்கான குறைந்தபட்ச வேகம்.

ஊராட்சிக்கு 1 ஜிபிபிஎஸ்

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கேபிள் வழியாக 1 ஜிபிபிஎஸ் வேகம் கொடுப்பது டான்ஃபிநெட் திட்டத்தின் இலக்கு. அது 488 இ1-க்குச் சமம். நம் கணக்கில் நொடிக்கு 125 மெகாபைட். ஆனால் இது ஒரு வீட்டுக்கானது அல்ல. ஏரித் தண்ணீர் மாதிரி, எத்தனை பேர் ஒரே நேரத்தில் இறைக்கிறார்களோ அத்தனை பங்கு.

புகார் கொடுப்பதற்கு முன்...

* வைஃபையை நம்பாமல், மோடத்தில் இருந்து கேபிள் போட்டு வேகத்தைச் சோதியுங்கள். காலை, இரவு இரண்டு வேளையும் பாருங்கள்.
* வந்த எண் பிட்டா, பைட்டா என்று கவனியுங்கள். டிராயின் 'மைஸ்பீடு' ஆப் பிட் கணக்கில் காட்டும்.
* மாத டேட்டா வரம்பு தாண்டிவிட்டதா என்று பாருங்கள். தாண்டினால் வேகத்தைக் குறைப்பது பிளானிலேயே இருக்கும்.
* அப்புறமும் குறைவாக இருந்தால் கஸ்டமர் கேரில் புகார் செய்து, புகார் எண்ணை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். தீரவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுத அந்த எண் வேண்டும்.
* கடைசி நாளில் விண்ணப்பத் தளமே திணறினால், உங்கள் லைனை 100 ஆக்கினாலும் பலன் இருக்காது. நாலு நாள் முன்பே ஏற்றிவிடுங்கள்.

கணக்கைக் கேட்டதும் அண்ணன் தன் தங்கைக்கு போன் போட்டார். பக்கத்துக் கிராமத்தில் அவர்கள் வீட்டில் 100 பிளான். கேபிள் போட்டுப் பார்த்தும் நொடிக்கு 3 மெகாபைட்தான் வந்தது. 3 x 8 = 24. நூறுக்குக் காசு, கிடைப்பது கால்வாசிகூட இல்லை.

"அப்போ ஏமாந்தது நான் இல்ல, அவதான்!" என்றார்.

அண்ணன் 40-லேயே இருக்கிறார். தங்கை புகார் எண் வாங்கிவிட்டார்.