கம்பிவடத் தெரிவும் பாதுகாப்பான பயன்பாடும்: சின்ன காஞ்சிபுரத்தை முன்வைத்து

முன்னுரை

சின்ன காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டப மூலைகளில், கல்லிலேயே செதுக்கப்பட்ட சங்கிலிகள் தொங்குகின்றன. சங்கிலியில் ஒரு வளையம் உடைந்தால் அது தாங்கிய சுமை முழுவதும் வீழும். 1834இல் செருமனியின் ஆர்சு மலைச் சுரங்கங்களில் வில்லெம் ஆல்பர்ட் சங்கிலிக்கு மாற்றாக இரும்புக் கம்பிவடத்தைப் பயன்படுத்தினார். வடத்தின் கம்பிகள் பெரும்பாலும் ஒவ்வொன்றாக அறுபட்டு முன்னெச்சரிக்கை தருகின்றன. கற்றளித் திருப்பணிகளில் கம்பிவடத்தைத் தெரிவு செய்வதையும், அதன் எச்சரிக்கையை அறிந்து பயன்படுத்துவதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தெரிவு

கம்பிகள் முறுக்கப்பட்டுப் புரியாகின்றன. புரிகள் நடுக்கருவைச் சுற்றி வடமாகின்றன. 6×19 வகை தேய்மானத்தை நன்கு தாங்கும். 6×36 வகை எளிதில் வளையும். கருங்கல்லின் எடை கனமீட்டருக்கு ஏறத்தாழ 2.7 டன். எனவே 2 மீட்டர் நீளம், 0.5 மீட்டர் அகலம், 0.4 மீட்டர் உயரமுடைய கல் உத்திரம் சுமார் 1.08 டன் இருக்கும். தூக்குவடத்தின் முறிவு வலிமை, அது தாங்கும் இழுவிசையைப்போல் ஐந்து மடங்கேனும் இருத்தல் பொதுநெறி.

கோணத்தின் விளைவு

இவ்வுத்திரத்தை இரு கால்களுடைய தூக்குவடத்தால் ஏற்றும்போது, கால்கள் கிடைமட்டத்துடன் 60° கோணத்தில் இருந்தால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.62 டன் விசையைத் தாங்கும். 45° எனில் 0.76 டன், 30° எனில் 1.08 டன். அதாவது, 30° கோணத்தில் ஒவ்வொரு காலும் முழு எடைக்கு நிகரான விசையைத் தாங்க நேர்கிறது. கல்லின் கூரிய விளிம்பும் வடத்தை வெட்டும். ஆதலின் இடையே மரக்கட்டை வைத்தல் இன்றியமையாதது.

ஆய்வும் விலக்கலும்

இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் (1948) 29ஆம் பிரிவு, தூக்குக் கருவிகளை ஆண்டுக்கு ஒருமுறையேனும் தகுதியுடையவர் சோதிக்க வேண்டுமென்றது. அது மட்டும் போதாது. நாள்தோறும் பணிக்கு முன் வடத்தைப் பார்வையிடல் வேண்டும். ஒரு முறுக்கு நீளத்துள் பரவலாகப் பத்துக் கம்பிகளோ, ஒரே புரியில் ஐந்து கம்பிகளோ அறுந்திருப்பின் தூக்குவடத்தை விலக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி. மழையில் கிடந்த வடம் உள்ளே துருவேறியிருக்கலாம். அந்நிலையில் வெளிக்கம்பிகள் அறாமலே வலிமை குன்றும். விட்டம் குறைதல் அதன் அறிகுறியாகும்.

முடிவுரை

அறுந்த பாவிழையைக் காஞ்சி நெசவாளர் முடிந்து நெசவைத் தொடர்வார். அறுந்த கம்பியை அவ்வாறு முடிய இயலாது. அதனை எண்ணி, வரம்பு எட்டியதும் வடத்தை விலக்குவதே வழி. கம்பிவடம் தரும் எச்சரிக்கை, அதனைக் காண்போர் உள்ளவிடத்தே மட்டும் உயிர்காக்கும்.