நீர் செய்த நிலம், வந்தவர் செய்த ஊர்

மாணவர்களே,

விடுமுறை நாள்களில் போர்ட் கொச்சிக்கு வரும் பயணிகளைப் பார்த்திருப்பீர்கள். சீன வலையின் முன் நின்று நிழற்படம் எடுத்துக்கொள்வார்கள். மட்டாஞ்சேரி அரண்மனையைச் சுற்றிப் பார்ப்பார்கள். மாலையில் படகேறிச் சென்றுவிடுவார்கள். நாமோ இங்கேயே வாழ்கிறோம். நாள்தோறும் பார்ப்பதாலேயே பலவற்றை நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். 'உன் சொந்த ஊர் எது?' என்று கேட்டால், நம்முள் பலர் திருநெல்வேலி என்போம், தஞ்சாவூர் என்போம். கொச்சி என்று சொல்லத் தயங்குவோம். இந்தத் தயக்கம் தேவைதானா? இவ்வூரின் இயற்கையையும் வரலாற்றுச் சின்னங்களையும் சுற்றிப் பார்த்தபின் முடிவு செய்வோம்.

வெள்ளம் திறந்த வாயில்

கொச்சிக்கு வடக்கே, பெரியாறு கடலில் கலக்கும் இடத்தில் முசிறி என்னும் துறைமுகம் இருந்தது. யவனர் கப்பல்கள் பொன்னைக் கொண்டுவந்து மிளகை ஏற்றிச் சென்ற செய்தியை அகநானூறு கூறுகிறது. அக்காலத்தில் கொச்சி பெயர் பெற்ற துறைமுகமாக இருக்கவில்லை.

கி.பி. 1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருவெள்ளம் ஏற்பட்டது. அது கொண்டுவந்த மணலும் வண்டலும் முசிறிப் பகுதியிலிருந்த கொடுங்கல்லூர்த் துறைமுகத்தைத் தூர்த்துவிட்டன என்றும், கொச்சியில் கடலுக்குப் புதிய வாயில் அகன்றது என்றும் வரலாற்று ஆசிரியர்கள் கருதுகின்றனர். கப்பல்கள் மெல்ல மெல்லக் கொச்சியை நாடின. 'சிறிய கழிமுகம்' என்று பொருள்படும் 'கொச்சு அழி' என்ற மலையாளத் தொடரே கொச்சி என மருவியது என்பாரும் உளர்.

ஆறு தொடங்கிய பணியை மனிதரும் தொடர்ந்தனர். கொச்சியின் கடல்வாயில் குறுக்கே ஒரு மணல்மேடு கிடந்தது. பெரிய கப்பல்கள் அதனைத் தாண்டி உள்ளே வர இயலவில்லை. 1920ஆம் ஆண்டில் இங்கு வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளரின் தலைமையில் அம்மணல்மேடு வெட்டப்பட்டது. 1928ஆம் ஆண்டில் பெரிய கப்பல் துறைமுகத்தின் உட்பகுதிக்குள் வந்தது. காயலின் அடியிலிருந்து தோண்டி எடுத்த மண்ணைக் கொட்டி உருவாக்கியதே வில்லிங்டன் தீவு. படகில் செல்லும்போது அத்தீவைக் கண்டால், நூறாண்டுகளுக்கு முன் அவ்விடத்தின் பெரும்பகுதி நீராக இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

வலையும் மரமும்

கடற்கரையில் வரிசையாக நிற்கும் வலைகளை மலையாளத்தில் 'சீனவல' என்பர். சீன வணிகர்கள் இவற்றைக் கொண்டுவந்தனர் என்பது ஒரு கருத்து. மக்காவ் வழியாகப் போர்ச்சுகீசியர் கொண்டுவந்தனர் என்பது மற்றொரு கருத்து.

இவ்வலை இயங்கும் முறையைச் சற்று நேரம் நின்று கவனியுங்கள். நீங்கள் அறிவியலில் படித்த நெம்புகோல் தத்துவமே இது. நீண்ட மரச் சட்டத்தின் ஒரு முனையில் வலை விரிந்து தொங்குகிறது. கரைப்பக்க முனையில் கற்கள் கயிறுகளில் கட்டித் தொங்கவிடப்பட்டுள்ளன. வலையின் எடையும் கற்களின் எடையும் ஏறத்தாழச் சமமாக இருக்கும். ஆகவே, ஒருவர் சட்டத்தின் மீது நீர்ப்பக்கமாக நடந்தாலே, அவருடைய எடையால் வலை நீருக்குள் இறங்கிவிடும். சில நிமிடங்கள் கழித்து நான்கைந்து பேர் கயிற்றைப் பிடித்து இழுக்க, வலை மீனுடன் மேலே வரும். எந்திரம் இல்லை, எரிபொருள் இல்லை. அளவறிந்து கட்டிய கற்களே பாதிச் சுமையைத் தாங்குகின்றன.

வலைகளை விட்டு ஊருக்குள் நடந்தால் பரேடு மைதானத்தைச் சுற்றிக் குடைபோல் விரிந்த பெருமரங்களைக் காணலாம். இவை மழைமரங்கள். தமிழில் இவற்றுக்குத் தூங்குமூஞ்சி மரம் என்ற பெயர் உண்டு. மாலையானால் இம்மரத்தின் இலைகள் மூடிக்கொள்ளும். வானம் இருண்டு மழை வரும்போதும் மூடிக்கொள்ளும். அதனால் மழைநீர் தடையின்றி வேருக்குச் செல்லும். இம்மரத்தின் தாயகம் நடு அமெரிக்காவும் தென் அமெரிக்காவும் ஆகும். நம்மைப் போலவே இம்மரமும் வேறிடத்திலிருந்து வந்தது. இன்று இம்மரங்கள் இல்லாத போர்ட் கொச்சியை எண்ணிப் பார்க்க முடியுமா?

கற்களில் எழுதிய வரலாறு

மைதானத்திற்கு அருகில் புனித பிரான்சிஸ் தேவாலயம் உள்ளது. போர்ச்சுகீசியர் 1503ஆம் ஆண்டில் இதனை மரத்தால் கட்டினர். 1516இல் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு புதுப்பித்தனர். 1524ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவின் உடல் இங்குதான் முதலில் அடக்கம் செய்யப்பட்டது. பின்னர் அது போர்ச்சுகலுக்கு எடுத்துச் செல்லப்பட்டது. 1663இல் டச்சுக்காரர்களும் 1795இல் ஆங்கிலேயரும் கொச்சியைக் கைப்பற்றினர். ஆட்சி மாறியபோதெல்லாம் தேவாலயத்தின் வழிபாட்டு முறையும் மாறியது; கட்டடம் மட்டும் நிலைத்தது. உள்ளே சென்றால் சுவர்களில் பதிக்கப்பட்டுள்ள போர்ச்சுகீசியர், டச்சுக்காரர் கல்லறைக் கற்களைக் காணலாம். தலைக்கு மேலே, வெளியிலிருந்து கயிற்றால் இழுத்து அசைத்த துணி விசிறிகளையும் காணலாம். கற்களில் பெயர்கள் உள்ளன. வெளியே நின்று கயிற்றை இழுத்தவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை.

மட்டாஞ்சேரி அரண்மனையை 'டச்சு அரண்மனை' என்று அழைக்கின்றனர். ஆனால், 1555ஆம் ஆண்டளவில் அதனைக் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்தவர்கள் போர்ச்சுகீசியரே. டச்சுக்காரர்கள் பிற்காலத்தில் பழுதுபார்த்தார்கள், பெயர் அவர்களுடையதாகிவிட்டது. அரண்மனைச் சுவர்களில் இராமாயணக் காட்சிகள் ஓவியங்களாக விரிந்துள்ளன.

அரண்மனைக்கு அருகில், யூதத் தெருவின் முடிவில், 1568ஆம் ஆண்டில் கட்டப்பட்ட 'பரதேசி' யூத வழிபாட்டுக்கூடம் உள்ளது. 'பரதேசி' என்ற சொல்லை நாம் இன்று இகழ்ச்சியாகப் பயன்படுத்துகிறோம். அதன் நேர்பொருள் 'பிற தேசத்தவர்' என்பதே. அயல்நாடுகளிலிருந்து வந்த யூதர்கள் கட்டியதால் இப்பெயர் வந்தது. அதன் தரையில் சீனாவிலிருந்து வந்த, கையால் நீலவண்ணம் தீட்டிய ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன.

இக்கூடத்தினர் காத்துவந்த செப்பேடுகள் தமிழ் மாணவர்களாகிய நாம் சிறப்பாக அறிய வேண்டியவை. கி.பி. 1000ஆம் ஆண்டளவில், சேர மன்னன் பாஸ்கர ரவி, ஜோசப் ரப்பான் என்னும் யூத வணிகர் தலைவருக்கு 72 உரிமைகளை வழங்கினான். அந்த ஆணை வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. வட்டெழுத்து, தமிழை எழுதப் பயன்பட்ட பழைய எழுத்துமுறைகளுள் ஒன்று. ஒருவர் கடல் கடந்து வந்தவர் என்பதற்காக அம்மன்னன் அவரை விலக்கவில்லை. உரிமைகளை எழுதியே கொடுத்தான்.

வெளியில் ஒரு சலவைத்துறை

போர்ட் கொச்சியில் 'வெளி' என்ற பகுதியில் ஒரு சலவைத்துறை உள்ளது. மக்கள் அதனை 'தோபிக்கானா' என்பர். இங்குத் துணி வெளுப்பவர்கள் தமிழ்க் குடும்பத்தினர். டச்சுப் படைவீரர்களின் உடைகளை வெளுப்பதற்காகத் தங்கள் முன்னோர் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டனர் என்று அவர்கள் கூறுகின்றனர். படைவீரர்கள் போய்விட்டனர், இவர்கள் தங்கிவிட்டனர்.

இங்குத் துணிகளைக் காயவைக்கும் முறை வியப்புக்குரியது. இரட்டையாக முறுக்கிய கயிறுகளைக் கட்டியிருப்பார்கள். முறுக்கின் இடுக்கில் துணியின் முனையைச் செருகிவிட்டால், கடற்காற்று எவ்வளவு வீசினாலும் துணி பறக்காது, கவ்விகள் தேவையில்லை. சுற்றுலா வழிகாட்டிகள் அரண்மனைக்கு அளிக்கும் மதிப்பை இத்துறைக்கும் அளிக்க வேண்டும். ஏனெனில், ஓர் ஊரின் வரலாறு அரசர்களாலும் படைத்தலைவர்களாலும் மட்டும் ஆனதன்று.

உப்பு நீரில் விளையும் நெல்

ஊரைவிட்டுத் தென்கிழக்கே சென்றால், காயல் சூழ்ந்த கும்பளங்கி என்னும் சிற்றூரை அடையலாம். சங்கப் புலவர்கள் நெய்தல் திணையில் பாடிய கழியையும் கண்டலையும் இங்கே நேரில் காணலாம். கண்டல் மரங்கள் உப்பு நீரிலும் சேற்றிலும் வளர்பவை. அவற்றுள் சிலவற்றின் வேர்கள் சேற்றிலிருந்து மேல்நோக்கி நீட்டிக்கொண்டு காற்றைப் பெறுகின்றன. அவ்வேர்களின் இடையே மீன்குஞ்சுகளும் நண்டுகளும் வளர்கின்றன.

காயலோரச் சிற்றூர்களின் தனிச்சிறப்பு 'பொக்காளி' வேளாண்மை. நெல்லுக்கு உப்பு ஆகாது என்று படித்திருப்பீர்கள். பொக்காளி நெல் உவர்ப்பைத் தாங்கும். ஜூன் மாத மழை நிலத்திலுள்ள உப்பைக் கழுவியதும் மண்மேடுகளில் முளைகட்டிய விதையைத் தூவுவார்கள். நாற்று வளர்ந்ததும் மேட்டைக் கலைத்துப் பரப்புவார்கள். பயிர் ஆளுயரம் வளரும். அக்டோபர் அளவில் கதிரை மட்டும் அறுத்துவிட்டுத் தாளை நீரிலேயே விட்டுவிடுவார்கள். பின்னர் மதகைத் திறந்து கடல்நீரை உள்ளே விடுவார்கள். நீருடன் வரும் இறால் குஞ்சுகளுக்கு அழுகும் தாள்கள் உணவாகின்றன. இறாலின் கழிவு அடுத்த ஆண்டு நெல்லுக்கு உரமாகிறது. ஒன்றன் எச்சம் மற்றொன்றன் உணவு. அதனால் இவ்வயலுக்கு வேதியுரம் தேவையில்லை.

காப்பது யார்?

இவையெல்லாம் என்றும் இப்படியே இருக்கும் என்று சொல்வதற்கில்லை. மழைக்காலத்தில் மிதந்துவரும் ஆகாயத்தாமரையும் நெகிழிக் கழிவும் சீன வலைகளை அடைத்துக்கொள்கின்றன. பழுதுபார்க்க மரம் வாங்கும் செலவு மிகுந்துவிட்டது. பொக்காளி வயல்கள் பல தரிசாகக் கிடக்கின்றன. தெற்கே செல்லானம் கரையில் கடல் வீடுகளுக்குள் புகுந்ததால், நான்கு கால்களையுடைய கற்காரைக் கட்டிகளை அடுக்கித் தடுப்புச்சுவர் எழுப்பியுள்ளனர். நிலத்தைத் தந்த நீர், கவனிக்காவிட்டால் அதனைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் செய்யும்.

இப்போது முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். இந்த மண் வெள்ளத்தோடு வந்தது. மரம் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஓடு சீனாவிலிருந்து வந்தது. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளுக்கு முன்பே வந்து இங்கு வேரூன்றின. அவ்வரிசையில் நாமும் ஒருவர். தாத்தா பாட்டியின் ஊரை மறக்க வேண்டியதில்லை. ஒருவருக்கு இரண்டு ஊர்கள் சொந்தமாக இருப்பதில் பிழையுமில்லை. ஆனால், 'என் ஊர்' என்று சொல்பவருக்கு அதனை அறியவும் காக்கவும் கடமை உண்டு. பயணி பார்த்துவிட்டுப் போகலாம். ஊரார் அவ்வாறு போக இயலாது.

அறிந்து எழுதுக

1. கி.பி. 1341ஆம் ஆண்டு வெள்ளத்தால் ஏற்பட்ட மாற்றங்கள் யாவை?
2. சீன வலை இயங்கும் முறையைப் படம் வரைந்து விளக்குக.
3. 'பரதேசி' என்ற சொல்லின் நேர்பொருளையும் இன்றைய வழக்கையும் ஒப்பிடுக.
4. பொக்காளி வயலில் நெல்லும் இறாலும் ஒன்றுக்கொன்று உதவுவது எவ்வாறு?
5. செயல்பாடு: உன் குடும்பம் கொச்சிக்கு எப்போது, எதற்காக வந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக. உன் தெருவில் உள்ள ஒரு மரத்தின் பெயரைத் தமிழிலும் மலையாளத்திலும் அறிந்து, அதன் கீழ் எழுதுக.