நிரல் தரும் விடையை நம்பலாமா? ஆய்வக அறிக்கைகளை மதிப்பிடும் முறை

கணிதத்தையும் நிரலாக்கத்தையும் இணைத்துக் கற்பிக்கும் கல்லூரிப் பாடங்களில், மாணவர் ஒவ்வொரு பயிற்சிக்கும் ஓர் ஆய்வக அறிக்கை எழுதித் தர வேண்டும். எடுத்துக்கொண்ட கணக்கு, கையாண்ட முறை, எழுதிய நிரல், கிடைத்த விடை, அந்த விடையை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற ஆய்வு ஆகியவை பொதுவாக அதில் இடம்பெறும். முதல் நான்கையும் பிறருடைய கோப்பிலிருந்து எடுத்து எழுதிவிட முடியும். கடைசிப் பகுதியே மாணவரின் சொந்தச் சிந்தனையைக் காட்டுவதால், மதிப்பெண்ணில் பெரும்பங்கு அதற்கே உரியது.

சரிவக விதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வளைகோட்டின் கீழுள்ள பரப்பைச் சம அகலப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையின் மேல்விளிம்பையும் நேர்கோடாகக் கொண்டு, அப்படிக் கிடைக்கும் சரிவகங்களின் பரப்புகளைக் கூட்டுவதே அந்த முறை. ஓர் எண்ணின் வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையால் நான்கை வகுத்துக் கிடைக்கும் சார்பை 0 முதல் 1 வரை தொகையிட்டால், உண்மையான விடை பை என்னும் மாறிலி, அதாவது ஏறத்தாழ 3.1416. நிரல் 4 பட்டைகளுக்கு 3.1312, 8 பட்டைகளுக்கு 3.1390, 16 பட்டைகளுக்கு 3.1409 எனத் தருகிறது. பட்டையின் அகலம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் பிழை கால்பங்காகக் குறைகிறது என்பதையும், கோட்பாடு கூறுவதும் அதுவே என்பதையும் எடுத்துக்காட்டும் மாணவர், தம் நிரல் சரியானது என்பதற்குச் சான்று தருகிறார்.

அந்தச் சான்றின் வலிமை, நிரல் தவறாக இருக்கும்போதுதான் நன்கு விளங்கும். இரு முனைகளிலும் உள்ள மதிப்புகளைப் பாதியாக்கிக் கூட்ட வேண்டும் என்பதை மறந்த நிரலும் 1,000 பட்டைகளுக்கு 3.1446 என்ற விடையைத் தரும்; மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அது போதுமானதாகவே தோன்றும். ஆனால் பட்டைகளை இரட்டிப்பாக்கினால் பிழை கால்பங்காகாமல் பாதியாக மட்டுமே குறைவதைக் கண்டு, தம் நிரலில் எங்கோ குறை இருக்கிறது என்று எழுதும் மாணவர், அந்தக் குறையைக் களையாவிட்டாலும், காரணம் கூறாமல் சரியான எண்ணை மட்டும் தந்தவரைவிடக் கூடுதலாகக் கற்றிருக்கிறார்.

கணினியின் இயல்பிலிருந்தும் பிழை பிறக்கும். பத்தில் ஒன்று என்ற எளிய பின்னத்தைக்கூட இரும எண்முறையில் முடிவுள்ள இலக்கங்களால் எழுத முடியாது என்பதால், கணினி அதைத் தோராயமாகவே சேமிக்கிறது. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில், 100 மணி நேரத்துக்கும் மேலாகத் தொடர்ந்து இயங்கிய பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பில், இந்தத் தோராயம் சேர்ந்து சேர்ந்து நேரக் கணக்கில் ஏறத்தாழ 0.34 நொடிப் பிழையாக வளர்ந்தது. உள்வந்த ஏவுகணையைத் தடுக்க இயலாமல் 28 அமெரிக்கப் படையினர் உயிரிழந்தனர். பிழையை ஆராயும் பழக்கம் வகுப்பறையோடு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இது போதிய சான்று.

மாணவர் நிரல்களை நிரலைக் கொண்டே திருத்தும் முயற்சி புதிதன்று. அமெரிக்காவின் ரென்சிலர் பல்தொழில்நுட்பக் கழகத்தில் ஜாக் ஹாலிங்ஸ்வொர்த் உருவாக்கிய தானியங்கித் திருத்தி பற்றிய கட்டுரை 1960-லேயே வெளிவந்தது. விடை அனுமதிக்கப்பட்ட பிழை எல்லைக்குள் இருக்கிறதா, நிரல் பல்வேறு உள்ளீடுகளுக்கும் இயங்குகிறதா என்பவற்றை இத்தகைய திருத்திகள் சோர்வின்றிச் சரிபார்க்கும். அதனால் ஆசிரியருக்கு மிச்சமாகும் நேரம், மாணவரின் விளக்கத்தைப் படிப்பதற்கும், வரைபடத்திலிருந்து அவர் பெற்ற முடிவு பொருந்துமா என்று பார்ப்பதற்கும், அடுத்த அறிக்கையில் திருத்திக்கொள்ள உதவும் குறிப்பை எழுதுவதற்கும் செலவாக வேண்டும்.

எந்தப் பகுதிக்கு எத்தனை மதிப்பெண் என்ற அட்டவணையைப் பயிற்சி தொடங்கும் முன்பே மாணவர் கையில் தருவதும் இன்றியமையாதது. பிழை ஆய்வுக்கு மதிப்பு உண்டு என்பதை முன்கூட்டியே அறிந்த மாணவர், நிரல் ஓடியவுடன் வேலை முடிந்ததாகக் கருதாமல், அது தந்த விடையைத் தாமே ஐயுற்றுச் சோதிக்கத் தொடங்குவார்.