பார்மட்: ஒரு சொல், மூன்று பொருள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய என் மாமா ஒரு நாள் போன் செய்தார். "பென் டிரைவில் ஒரு கடிதம் டைப் செய்து வைத்திருக்கிறேன். பார்க்க நன்றாக இல்லை. என்ன செய்யலாம்?" என்றார். வேலை அவசரத்தில், "பார்மட் பண்ணிப் பாருங்க மாமா" என்று சொல்லிவிட்டேன். மாலையில் மீண்டும் அழைத்தார். பென் டிரைவையே பார்மட் செய்துவிட்டாராம்! மகளின் திருமணப் போட்டோக்களும் அதில்தான் இருந்தன. தவறு என்னுடையது. இந்தச் சொல்லுக்குக் கம்ப்யூட்டரில் மூன்று பொருள் உண்டு.

1. டாகுமெண்ட் பார்மட்: எழுத்தின் அளவு, வண்ணம், வரி இடைவெளி ஆகியவற்றைச் சீர் செய்வது. வேர்ட் 2003 வரை இதற்கென பார்மட் மெனு இருந்தது. வேர்ட் 2007 முதல் இவை பெரும்பாலும் ஹோம் டேபில் உள்ளன. இதில் எதுவும் அழியாது. பிடிக்கவில்லை என்றால் கண்ட்ரோல் + இசட் அழுத்துங்கள்.

2. பைல் பார்மட்: தகவல் எந்த முறையில் பதியப்பட்டுள்ளது என்பது. டாக்எக்ஸ், ஜேபெக், எம்பி3 எல்லாம் இந்த வகை. பைல் பெயரின் கடைசி எழுத்துக்களை மட்டும் மாற்றினால் பார்மட் மாறாது. ஊறுகாய் பாட்டிலில் தேன் என்று லேபிள் ஒட்டுவது போலத்தான். சேவ் அஸ் மூலம்தான் மாற்ற வேண்டும்.

3. டிஸ்க் பார்மட்: டிரைவில் பைல்களுக்கான அட்டவணையைப் புதிதாக அமைப்பது. குவிக் பார்மட்டில் பழைய அட்டவணை மட்டும் போகும். பைல்களின் தகவல் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். விஸ்டா முதல் வந்த விண்டோஸ் தொகுப்புகளில் குவிக் பார்மட் டிக்கை எடுத்துவிட்டால், டிரைவ் முழுவதும் பூஜ்யம் எழுதப்படும். பிறகு மீட்க முடியாது.

பழுதான பென் டிரைவைச் செருகினால், பார்மட் செய்யட்டுமா என விண்டோஸே கேட்கும். உள்ளே முக்கியமான பைல்கள் இருந்தால் கேன்சல் கிளிக் செய்திடுங்கள்.

மாமா செய்தது குவிக் பார்மட். "அதில் எதையும் காப்பி செய்யாதீங்க" என்று சொல்லிவிட்டு ஞாயிறன்று போனேன். ரெக்கவரி புரோகிராம் மூலம் போட்டோக்களில் பெரும்பாலானவை கிடைத்தன. கடிதம் மட்டும் கிடைக்கவில்லை. நானே உட்கார்ந்து டைப் செய்து, சரியான பொருளில் பார்மட் செய்து கொடுத்தேன்.

உங்கள் போட்டோக்களுக்கு இன்னொரு காப்பி இருக்கிறதா? இன்றே பாருங்கள்.