நாலு பக்கம், ஒரு ஃபோல்டர், ஒரு கூழைக்கடா

இரவு 11.40. ஹாஸ்டல் அறையில் நாலு பேர், ஒரு லேப்டாப். முகவரியை எதிர்க் கட்டில் தோழிக்குச் சொல்கிறேன். அவள் தன் போனில் தட்டுகிறாள். என் லேப்டாப்போடு எந்த ஒட்டும் உறவும் இல்லாத அந்தப் போனில் ஒரு கூழைக்கடா சிறகை விரித்து வந்து நின்றது. "ஏட்டி, வந்துருச்சுட்டி!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரிகளும் ஓடி வந்துவிட்டார்கள்.

என் சொந்த இணையதளம்! அது எப்படி உருவானது என்று உங்களுக்குக் காட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வாருங்கள், ஃபோல்டருக்குள் போவோம்.

வெளியிலிருந்து பார்த்தால் நாலு பக்கம்: முகப்பு, பறவைகள், கூந்தன்குளம், என்னைப் பற்றி. நாங்குநேரி வட்டாரத்துக் கூந்தன்குளம்தான் அம்மா பிறந்த ஊர். வீட்டு மரத்திலேயே நாரை கூடு கட்டும் ஊர். அதைவிட எழுதுவதற்கு எனக்கு என்ன இருக்கிறது! உள்ளே போனால்? பக்கத்துக்கு ஒன்றாக நாலு ஹெச்.டி.எம்.எல் ஃபைல், நிறமும் எழுத்தளவும் சொல்லும் ஒரு சி.எஸ்.எஸ் ஃபைல், படங்களுக்கு ஒரு ஃபோல்டர். எழுதியது நோட்பேடில். மொத்தச் சரக்கும் இவ்வளவுதான்.

ஹெச்.டி.எம்.எல் டேக்குகளில் எனக்கு உயிர் 'ஏ'. ஒரே ஓர் ஆங்கில எழுத்து. அதற்குள் அடுத்த ஃபைலின் பெயரை எழுதிவிட்டால் அதுதான் லிங்க். நாரில் பூத் தொடுக்கிற மாதிரி நாலு பக்கத்தையும் அதை வைத்துத்தான் தொடுத்தேன். முதல் முறை 'பறவைகள்' என்ற சொல்லைத் தட்டி, அடுத்த பக்கம் திறந்ததும் முகப்புக்குத் திரும்பினேன், மறுபடியும் போனேன், மறுபடியும் திரும்பினேன். இருபது தடவையாவது இருக்கும்.

தமிழ் வந்த கதையைக் கேளுங்கள். 'கூந்தன்குளம்' என்று ஆசை ஆசையாக எழுதி பிரவுசரில் திறந்தால், தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர், அப்புறம் என்னென்னவோ குறிகள்! நம் கண்ணுக்கு அந்தப் பெயர் ஏழு எழுத்து. யூனிகோடில் அது 12 குறியீடு. யுடிஎஃப்-8 முறையில் குறியீட்டுக்கு 3 பைட் வீதம் 36 பைட். அந்த முறையில் எழுதியிருக்கிறேன் என்று நான் பிரவுசருக்குச் சொல்லவில்லை. அது ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி எழுத்தாகப் படித்துவிட்டது. ஃபைலின் தலைப்பகுதியில் 'மெட்டா சார்செட்' என்று ஒரு வரி சேர்த்தேன். எங்கள் ஊர்ப் பெயர் பளிச்சென்று வந்து உட்கார்ந்தது. கண் கலங்கிவிட்டது எனக்கு.

இதெல்லாம் எந்த ராஜ்ஜியத்து ரகசியமும் இல்லை. கணினியில் எந்தத் தளத்தையாவது திறந்து கண்ட்ரோலையும் யூவையும் சேர்த்து அழுத்துங்கள். பக்கத்தின் மூல வரிகள் அப்படியே விரியும். இணையதளங்களுக்கெல்லாம் அடித்தளம் போட்ட டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். 1989-ல் அங்கேதான் தன் திட்டத்தை எழுதிக் கொடுத்தார். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அந்த நுட்பத்தை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. முதல் தளம் ஓடிய அவருடைய கணினியில், இது சர்வர், யாரும் அணைக்காதீர்கள் என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தார். அணைத்தால் தளமே போயிற்று!

எங்கள் ஹாஸ்டலில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் என் ஃபைல்களை, தளங்களைத் தன் சர்வரில் வைத்துத் தரும் கிட்ஹப் பேஜஸில் ஏற்றினேன். மாணவர்களின் சின்னத் தளத்துக்கு அது தாராளம்: காசு கிடையாது, 1 ஜிபி வரை இடம். முகப்பு ஃபைலுக்கு 'இண்டெக்ஸ்' என்று பெயர் வைத்தால், முகவரியைத் தட்டியதும் சர்வர் அதைத்தான் முதலில் எடுத்துக் கொடுக்கும். ஏற்றிய பிறகு கொஞ்சம் காத்திருக்க வேண்டும். அந்தச் சில நிமிடங்கள் இருக்கிறதே, தேர்வு முடிவுக்குக்கூட நான் அப்படி நகம் கடித்ததில்லை.

முதலில் வந்தது எழுத்து மட்டும்தான், படத்தைக் காணோம். ஃபைல் பெயரின் கடைசியில் ஜேபிஜி பெரிய எழுத்தில் இருந்தது, நான் ஹெச்.டி.எம்.எல் ஃபைலில் சின்ன எழுத்தில் கொடுத்திருந்தேன். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று. சர்வருக்கு அவை வேறு வேறு ஃபைல். பெயரை மாற்றி ஏற்றிய பிறகுதான் தோழியின் போனில் அந்தக் கூழைக்கடா வந்தது.

விடிந்ததும் அம்மாவுக்கு லிங்க் அனுப்பினேன். "எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்குட்டி" என்றாள். பக்கத்தைப் போனின் அகலத்துக்கு விரிக்கச் சொல்லும் 'வியூபோர்ட்' வரி நான் வைத்திருந்தது முகப்பில் மட்டும். மற்ற மூன்றிலும் சேர்த்து மறுபடி அனுப்பினேன். அரைமணி நேரம் பதிலே இல்லை. அப்புறம் போன் வந்தது: "அந்த நாரை நிக்குதே, அது நம்ம ஆச்சி வீட்டுப் புளியமரம்லா?"

அதே மரம்தான் அம்மா!

பறவைகள் பக்கத்தில் இப்போது 11 பறவைகள் இருக்கின்றன. இமயமலையைத் தாண்டி நம் குளத்துக்கு வரும் வரித்தலை வாத்துக்கு மட்டும் இன்னும் படம் கிடைக்கவில்லை. ஜனவரியில் கூந்தன்குளம் போகிறேன்.